பூட்டு இல்லாத கணினி விளையாட்டுகள்: ஐம்பது வயதிலும் திறப்பதற்கு

பணம் கொடுத்து வாங்கிய ஒரு கணினி விளையாட்டு, நாம் அதைத் திறக்கும்போதெல்லாம் 'இவர் உண்மையாகவே வாங்கியவர்தானா' என்று விற்ற நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே இயங்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், அந்த ஏற்பாட்டை டி.ஆர்.எம். (டிஜிட்டல் உரிமை மேலாண்மை) என்கிறார்கள். திருட்டு நகல்களைத் தடுப்பதற்காக வைக்கப்பட்ட மின்னணுப் பூட்டு அது. அந்தப் பூட்டு இல்லாமல் விற்கப்படுபவை டி.ஆர்.எம். அற்ற விளையாட்டுகள். வாங்கிய அன்று இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு எதுவும் கண்ணில் படாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, ஒருநாள் இரவு திடீரென்று பழைய விளையாட்டு ஒன்றை மறுபடி ஆடிப்பார்க்க ஆசை வரும்போதுதான் எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்பது தெரியவரும். விளையாடும் ஆசை வயதோடு போய்விடாதவர்கள் இந்தப் பூட்டைப் பற்றி அறிந்துவைத்திருப்பது நல்லது.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டின் கணினிப் பயிற்சி மையங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் ஆசிரியர் பார்க்காத நேரத்தில் 'டேவ்', 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' ஆகியவற்றை ஆடியவர்கள் இன்று நாற்பது வயதைக் கடந்திருப்பார்கள். அவர்களில் பலர், பெயர் தெரியாமலேயே, ஒரு பழைய பூட்டைப் பார்த்திருக்கிறார்கள். 1989இல் வெளிவந்து அடுத்த ஆண்டு, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினிகளுக்கு வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில், முதல் கட்டத்தை முடித்ததும் குப்பிகள் வரிசையாக வைக்கப்பட்ட ஓர் அறை வரும். ஒவ்வொரு குப்பிக்கும் மேலே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். விளையாட்டோடு வந்த கையேட்டின் இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல்லின் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்துக்குரிய குப்பியைக் குடித்தால் கதவு திறக்கும். வேறு குப்பியைக் குடித்தால் இளவரசனுக்குக் கேடு. நம் ஊர் மையங்களில் கையிலிருந்தவை பெரும்பாலும் பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்குப் படியெடுத்த நகல்கள் என்பதால் கையேடு யாரிடமும் இல்லை. குருட்டாம்போக்கில் குடித்துப் பார்ப்பதும் ஒரு விளையாட்டாகவே இருந்தது.

அந்தப் பூட்டு எளிமையானது, கொஞ்சம் குறும்பானதும்கூட. கையேடு பத்திரமாக இருந்தவரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்னால் வந்த பூட்டுகளுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

குறுந்தட்டுகளின் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற முறைகள் வந்தன. தட்டு கணினிக்குள் இருக்கிறதா, அது அசல் தட்டுதானா என்று இவை சோதிக்கும். அதற்காக விண்டோஸின் உள்ளே ஆழமாக இறங்கி வேலைசெய்யும். 2015இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, பாதுகாப்புக் காரணங்களை முன்னிட்டு, சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான நிரலை மைக்ரோசாஃப்ட் விலக்கிக்கொண்டது. அலமாரியில் கீறல்கூட இல்லாமல் பாதுகாக்கப்பட்ட அசல் தட்டுகள் பல, அத்தோடு புதிய கணினிகளில் திறக்காமல் போயின. விளையாட்டில் எந்தப் பழுதும் இல்லை, பூட்டுக்குத்தான் வயதாகிவிட்டது. இதில் கசப்பான வேடிக்கை என்னவென்றால், திருட்டு நகல் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய நகலில் பூட்டு என்றோ உடைக்கப்பட்டிருந்தது.

அடுத்து, எத்தனை முறை நிறுவலாம் என்பதற்கே வரம்பு வந்தது. 2008இல் வெளிவந்த 'ஸ்போர்' விளையாட்டை வாங்கியவர்கள் மூன்று முறைதான் நிறுவிச் செயல்படுத்தலாம் என்று இருந்ததால், வாங்கியவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளாகக் கொட்டித் தீர்த்தார்கள். வரம்பு பிறகு ஐந்தாக உயர்ந்தது. 2010இல் 'அசாசின்ஸ் கிரீட் 2' கணினிப் பதிப்பு, தனியாளாக ஆடும் விளையாட்டாக இருந்தும், இணைய இணைப்பு அறுந்தால் நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. 2013 மார்ச்சில் வெளியான 'சிம்சிட்டி', விளையாட்டை இணையம் வழியே நடத்தும் நிறுவனக் கணினிகளான சர்வர்கள் தாங்காமல் திணறியதால், காசு கொடுத்தவர்களை முதல் நாளிலேயே வரிசையில் காத்திருக்கவைத்தது. இணையமின்றி ஆடும் வசதியை அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். 2021 நவம்பரில் டெனுவோ என்ற பூட்டு நிறுவனத்தின் இணைய முகவரி ஒன்று உரிய நேரத்தில் புதுப்பிக்கப்படாமல் விடப்பட, அந்தப் பூட்டைப் பயன்படுத்திய பல விளையாட்டுகள் சில மணி நேரம் உலகெங்கும் திறக்காமல் கிடந்தன.

இவையெல்லாம் தற்காலிகத் தொல்லைகள். நிலையான இழப்புக்கு உதாரணம் 'தி குரூ'. யூபிசாஃப்ட் 2014இல் வெளியிட்ட இந்தக் கார்ப் பந்தய விளையாட்டில், அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டே போகலாம். ஆனால் தனியாக ஓட்டுவதற்கும் நிறுவனத்தின் சர்வர் தேவைப்பட்டது. 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வர் நிறுத்தப்பட்டதும் விளையாட்டு முழுவதுமாக இறந்தது. வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. அதன் எதிரொலியாக ராஸ் ஸ்காட் என்ற அமெரிக்கர் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம், 2025 ஜூலையில் சட்டம் இயற்றக் கோரி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மக்கள் தரும் மனுவான குடிமக்கள் முன்முயற்சிக்குத் தேவையான 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர்கள் தாங்களாகவே ஆடும் நிலையில் விளையாட்டை விட்டுச்செல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

ஒருவர் பத்து வயதில் விளையாடத் தொடங்கினால் எழுபது வயதுவரை விளையாட முடியும். பூட்டின் ஆயுளோ பத்து ஆண்டு, மிஞ்சிப்போனால் பதினைந்து. பரணில் கிடக்கும் பாட்டியின் பல்லாங்குழியை இறக்கி, தூசி தட்டி, புளியங்கொட்டை போட்டு இன்றைக்கே ஆடலாம். செய்த தச்சரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. டி.ஆர்.எம். அற்ற விளையாட்டு கணினியில் இதே நிலையைத் தர முயல்கிறது. நிறுவும் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதை இணையம் இல்லாத கணினியிலும் நிறுவலாம். யாரிடமும் உள்நுழைய வேண்டாம். விற்ற கடை நாளை மூடினாலும் கோப்பு வேலைசெய்யும். ஒரு விளையாட்டு டி.ஆர்.எம். அற்றதா என்று ஐயம் வந்தால், இந்த நான்கையும் கேட்டுப் பார்த்தால் போதும்.

புதியவர்கள் சிலவற்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. டி.ஆர்.எம். அற்றது என்றால் இலவசம் என்று பொருள் இல்லை. மற்ற விளையாட்டுகளைப் போலவே விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மூல நிரல் திறந்திருக்கும் என்றும் பொருள் இல்லை. நகலெடுத்து ஊருக்கெல்லாம் வழங்கலாம் என்பதும் தவறு. பதிப்புரிமை அப்படியே இருக்கிறது, சட்டப்படி உங்களுக்குக் கிடைப்பது உரிமம்தான். பூட்டுப் போடாமல் உங்களை நம்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவே.

இப்படி நம்பிக் கொடுப்பதை ஒரு வணிகமாகவே நடத்திக் காட்டியவர்கள் போலந்து நாட்டுக்காரர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வார்சாவின் திறந்தவெளிச் சந்தைகளில் திருட்டு நகல்கள் காய்கறிபோல விற்கப்பட்ட காலத்தில் வளர்ந்த மார்ச்சின் இவின்ஸ்கி, மிகாவ் கிசின்ஸ்கி ஆகிய இரு நண்பர்கள் 1994இல் சிடி புரொஜெக்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அசல் விளையாட்டை விற்க வேண்டுமானால் திருடன் தருவதைவிட மேலான பொருளைத் தர வேண்டும் என்பது அவர்கள் சந்தையிலேயே கற்ற பாடம். 1999இல் 'பால்டர்ஸ் கேட்' விளையாட்டைப் போலந்து மொழியில், பெயர்பெற்ற நடிகர்களின் குரலோடு, வரைபடமும் கையேடும் இசைத்தட்டும் அடங்கிய கனத்த பெட்டியில் வைத்து விற்றார்கள். அது நன்றாக விற்றது. அதே எண்ணத்தோடு 2008இல் அவர்கள் திறந்த இணையக் கடைதான் 'குட் ஓல்டு கேம்ஸ்', இன்றைய ஜி.ஓ.ஜி. பழைய விளையாட்டுகளின் உரிமைக்காரர்களைத் தேடிப் பிடித்து, பூட்டை அகற்றி, புதிய கணினிகளில் ஓடும்படி சரிசெய்து விற்பதே அதன் தொடக்க வேலை. உரிமைக்காரரைத் தேடுவது சில நேரம் துப்பறியும் வேலையாகவே ஆகிவிடும். ஒரு சிறு நிறுவனம் மூன்று முறை கைமாறி, கடைசியில் வாங்கியவருக்கே தன்னிடம் இன்ன விளையாட்டு இருக்கிறது என்பது தெரியாமல் இருக்கும்.

பூட்டு இல்லாவிட்டால் எல்லோரும் திருடிவிடமாட்டார்களா என்ற கேள்வி நியாயமானது. திருட்டு நடக்கத்தான் செய்கிறது. பூட்டு இருந்தாலும் நடக்கிறது. 2011இல் இதே நிறுவனத்தின் 'தி விட்சர் 2' வெளியானபோது கடைகளில் விற்ற தட்டில் செக்யூரோம் பூட்டு இருந்தது, ஜி.ஓ.ஜி.யில் விற்ற பதிப்பில் எதுவும் இல்லை. பூட்டில்லாத பதிப்புதான் முதலில் களவாடப்படும் என்று எதிர்பார்த்திருந்த தாங்கள், கடைத் தட்டின் பூட்டை உடைத்த நகலே இணையத்தில் பரவியதைக் கண்டு வியந்ததாக இவின்ஸ்கி பின்னர் கூறினார். பூட்டை உடைப்பது திருட்டு நகல் தயாரிக்கும் கூட்டத்துக்குப் பெருமை. திறந்து கிடப்பதை எடுத்துப் போவதில் என்ன பெருமை இருக்கிறது? சில நாட்களிலேயே நிறுவனம் ஒரு திருத்தம் வெளியிட்டுத் தட்டுப் பதிப்பின் பூட்டையும் அகற்றியது. 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' கணினியில் முதல் நாளிலிருந்தே பூட்டின்றி விற்கப்பட்டது. எல்லாக் கருவிகளையும் சேர்த்து 2023க்குள் அதன் விற்பனை 5 கோடிப் பிரதிகளைக் கடந்தது. எல்லா விளையாட்டுகளுக்கும் இதே பலன் கிட்டும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. ஆனால் பூட்டில்லாமல் விற்றால் நொடித்துப்போவார்கள் என்ற வாதம் இதற்குப் பிறகு நிற்கவில்லை.

இனி நடைமுறை. 'தீம் ஹாஸ்பிட்டல்' என்ற 1997ஆம் ஆண்டு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை ஒன்றைக் கட்டி நடத்த வேண்டும். தலை பலூன்போல ஊதிப்போன நோயாளிகள் வருவார்கள். தலையை ஊசியால் குத்திக் காற்றை இறக்கி, சரியான அளவுக்கு மறுபடி ஊதிவிட வேண்டும். ஜி.ஓ.ஜி.யில் இதை வாங்கினால், கணக்குப் பக்கத்தில் இரண்டு வழிகள் காட்டப்படும். ஒன்று, கடையின் கேலக்ஸி என்ற செயலி வழியாக நிறுவுவது. மற்றொன்று, இணையமின்றி நிறுவும் கோப்பைத் தரவிறக்குவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அதை இருமுறை சொடுக்கினால் விளையாட்டு ஒரு கோப்புறையில் இறங்கும். அந்தக் கோப்புறைக்குள் பார்த்தால் டாஸ்பாக்ஸ் என்ற சிறு மென்பொருளும் கூடவே இருக்கும். இன்றைய விண்டோஸுக்குள் பழைய டாஸ் கணினி ஒன்றைப் போலச் செய்து காட்டும் இலவச மென்பொருள் அது. பழைய நிரல் தான் இன்னும் 1997இல் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு ஓடும். கோப்புகள் பூட்டப்படாமல் கிடப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஆர்வலர்கள் இதே விளையாட்டுக்காக 'கார்சிக்ஸ்-டிஎச்' என்ற புதிய இயக்க நிரலைத் தாங்களே எழுதியிருக்கிறார்கள். உங்களிடமுள்ள அசல் கோப்புறை எங்கே என்று காட்டினால், படங்களையும் ஒலிகளையும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, இன்றைய அகலத் திரைக்கு ஏற்றபடி ஓடுகிறது.

பெரிய விளையாட்டுகளானால் நிறுவும் கோப்போடு 'பின்' என்று முடியும் துணைக் கோப்புகளும் வரும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 ஜிபி வரை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் இறக்கிவைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிறுவ முடியாது. பிறகு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படியெடுத்து, ஒருமுறையாவது இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவிப் பார்த்து, எந்த மாதத்துப் பதிப்பு என்று கோப்புறையின் பெயரிலேயே குறித்துவைத்தால் வேலை முடிந்தது. இந்தச் சிறு சிரமத்தைத் தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். 2010 செப்டம்பரில் ஜி.ஓ.ஜி. தன் தளத்தை மூடிவிட்டதாக அறிவித்தபோது, எதையும் தரவிறக்கி வைக்காதவர்கள் பதறிப்போனார்கள். சில நாள் கழித்து, நிர்வாகிகள் துறவி வேடத்தில் தோன்றி, தளம் புதுப்பிக்கப்படுவதற்கான விளம்பர உத்தி அது என்று விளக்கினார்கள். மோசமான நகைச்சுவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், தரவிறக்காத விளையாட்டு பூட்டில்லாததாக இருந்தும் பயனில்லை என்பதை அதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லியிருக்காது.

வேறு கடைகளும் உண்டு. 2013இல் தொடங்கப்பட்ட இட்ச் தளத்தில் தனி ஆட்களும் சிறு குழுக்களும் உருவாக்கும் விளையாட்டுகள் மிகப் பெரும்பாலும் பூட்டின்றியே கிடைக்கின்றன. வாங்குபவர் விரும்பினால் குறித்த விலைக்கு மேலும் கொடுக்கலாம். 2010 மே மாதம் வந்த முதல் 'ஹம்பிள் இண்டி பண்டில்' விற்பனையில், 'வேர்ல்டு ஆஃப் கூ' உள்ளிட்ட விளையாட்டுகள் விரும்பிய விலைக்குப் பூட்டின்றிக் கொடுக்கப்பட்டன. 10 லட்சம் டாலருக்கு மேல் திரண்டது, அதில் ஒரு பங்கு அறப்பணிகளுக்குப் போனது. 2003இல் வந்த ஸ்டீம், பூட்டு வைப்பதை விளையாட்டை உருவாக்கியவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அங்கே வாங்கிய சில விளையாட்டுகள் ஸ்டீம் செயலியை மூடிய பின்பும் கோப்புறையிலிருந்து நேரடியாக ஓடும். ஆனால் எது ஓடும், எது ஓடாது என்று வாங்கும் முன் கடைப் பக்கத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. 'வாங்கு' என்று எழுதிவிட்டு உரிமம் மட்டுமே தருவதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டம் இயற்றிய பிறகு, பணம் செலுத்தும் பக்கத்தில் ஸ்டீம் அதை எழுதிக் காட்டத் தொடங்கியது. ஜி.ஓ.ஜி. உடனே, தான் தரும் நிறுவும் கோப்புகளை யாராலும் திரும்பப் பறிக்க முடியாது என்று எடுத்துச்சொல்லிக் கொஞ்சம் சீண்டிப் பார்த்தது.

ஏற்கெனவே வாங்கிய பூட்டுள்ள விளையாட்டின் பூட்டை நாமே உடைத்துக்கொண்டால் என்ன? 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தொழில்நுட்பப் பாதுகாப்புகளை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுவரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரலுக்கு, இழப்பிலிருந்து காத்துக்கொள்ளும் பொருட்டுக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. பூட்டில்லாததை முதலிலேயே தேர்ந்தெடுத்து வாங்கியவருக்கு இந்த வழக்கறிஞர் வேலையெல்லாம் வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பலர் கூடி இணையத்தில் ஆடும் விளையாட்டுகளுக்குச் சர்வர் வேண்டும். அங்கே பூட்டை அகற்றுவதால் மட்டும் தீர்வு கிடைக்காது. திருத்தங்கள் வரும்போது புதிய கோப்பை நாமே தரவிறக்க வேண்டும். பூட்டில்லாதது என்று விற்கப்படுவதிலும் அரைகுறைகள் நுழைவதுண்டு: 2021 செப்டம்பரில் ஜி.ஓ.ஜி.யில் வந்த 'ஹிட்மேன்' விளையாட்டில் பல வசதிகள் இணைய இணைப்பு இருந்தால்தான் திறக்கும் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த மாதமே கடை அதை விற்பனையிலிருந்து விலக்கியது. புகார் சொல்லும் வாடிக்கையாளர்கள் இருக்கும்வரை இந்தக் கொள்கை காப்பாற்றப்படும் என்பதற்கு இது நல்ல சான்று.

வயதுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கடந்தகால ஏக்கத்தோடு நிறுத்திவிடுவது போதாது. நாற்பது, ஐம்பது வயதில் விளையாடக் கிடைக்கும் நேரம் துண்டுதுண்டானது: பிள்ளைகள் தூங்கிய பிறகு அரை மணி, மழை நாளில் மின்சாரம் இருக்கும்வரை ஒரு மணி. நாள்தோறும் உள்நுழைந்தால் பரிசு, இந்த வாரத்துக்குள் முடிக்காவிட்டால் இழப்பு என்று துரத்தும் இணைய விளையாட்டுகள் அந்த அரை மணியையும் அலுவலக வேலைபோல ஆக்கிவிடுகின்றன. பூட்டில்லாத, தனியாக ஆடும் விளையாட்டில் பாதியில் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தாலும், நிறுத்திய இடத்திலேயே இருக்கும்; யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். சிறு வயதில் கோடை விடுமுறையில் நாம் ஆடியது அப்படித்தான். கூடவே, நாம் ரசித்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டவும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடைகளில் விற்பனைக்கே இல்லை. ஏறத்தாழ எட்டில் ஒன்றுதான் மிச்சம் என்னும்போது, கையில் இருக்கும் கோப்புகளின் மதிப்பு தானே விளங்கும்.

ஆதரிக்க நினைப்பவர் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே விளையாட்டு இரண்டு கடைகளில் கிடைத்தால், பூட்டில்லாத கடையில் வாங்கலாம். 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற பெரிய புதிய விளையாட்டுகளும் இப்போது அப்படிக் கிடைக்கின்றன. வேண்டும் என்று நினைக்கும் பழைய விளையாட்டுக்கு ஜி.ஓ.ஜி.யின் விருப்பப் பட்டியலில் வாக்களிக்கலாம். உரிமைக்காரரிடம் பேசும்போது அந்த எண்ணிக்கையைக் கடை காட்டுகிறது. கோப்பை நண்பர்களுக்கு அனுப்பாமல் கடையின் முகவரியை அனுப்பலாம். வாங்கி முப்பது நாளுக்குள், விளையாடிய பிறகும்கூட, பணத்தைத் திருப்பிக் கேட்கும் வசதியை ஜி.ஓ.ஜி. தருகிறது, அந்த நம்பிக்கையைப் படம் பார்த்துவிட்டுக் காசைத் திருப்பிக் கேட்பதுபோலப் பயன்படுத்தாமல் இருக்கலாம். தள்ளுபடி நாட்களில் கண்டதையும் அள்ளிக் குவித்துவிட்டு எதையும் ஆடாமல் விடும் பழக்கம் எங்கள் கூட்டத்தில் பலருக்கு உண்டு. அதற்கு மட்டும் இதுவரை மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒன்றே ஒன்றை, சிறு வயதில் பார்த்து முடிக்காமல் விட்டது ஏதாவது விற்பனைக்கு இருந்தால் அதையே, முந்நூறு நானூறு ரூபாய்க்குள் தேடி வாங்கி, நிறுவும் கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு ஆடத் தொடங்கலாம்.